இருபத்தெட்டு நாள் மாத்திரையும் ஒரு காதுகுத்தும்

1

இந்த நாட்டில் விரலில் வெட்டுப்பட்டால் முதலில் வருவது ரத்தம், அடுத்து வருவது படிவம். எனக்கு வந்த படிவம் நான்கு பக்கம். எந்த மேஜை, எந்தக் கை, கையுறை ஒன்றா இரண்டா, அந்த நேரத்தில் களைப்பாக இருந்தாயா, பக்கத்தில் யார் நின்றார்கள், அவர் கையெழுத்து எங்கே என்று ஒன்று விடாமல் கேட்டிருந்தார்கள்.

ஜெர்மனியில் நெக்கார் ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வைரஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எச்.ஐ.வி. என்று சொன்னால் காஞ்சிபுரத்தில் என் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும் என்பதால், 'காய்ச்சல் கிருமி மாதிரி ஒண்ணு' என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொரோனா வந்தபோது அதற்கு மருந்தே என் மகள்தான் கண்டுபிடிக்கப் போகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இன்னும் சில பேர் என்னிடம் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

சித்திரை பிறந்த வாரம் அது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செல்களை வளர்த்திருந்த மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்று இடுக்கியில் நொறுங்கியது. ஒரு சில்லு இரண்டு கையுறையையும் தாண்டி இடது சுட்டுவிரலில் ஏறிவிட்டது. அந்தச் செல்களுக்கு முந்தைய நாள் வைரஸ் கொடுத்து வைத்ததும் நான்தான்.

மருத்துவரிடம், விரலில் வெட்டிக்கொண்டேன் என்று ஜெர்மனில் சொல்ல நினைத்து, விரலை வெட்டியே எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பதறி எழுந்து, என் விரல்களை ஐந்து வரை எண்ணிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். பதற்றம் வந்தால் என் ஜெர்மன் இன்றும் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேலைக்கு வெளியே, உங்கள் நெருங்கிய வட்டத்தில் இந்தத் தொற்றோடு வாழ்பவர் யாரும் உண்டா? மருத்துவர் அதை வாய்விட்டும் கேட்டார். "இல்லை" என்றேன். தடுமாறவே இல்லை. கட்டத்தில் குறியும் போட்டேன்.

அது பொய். என் தம்பி முரளிக்குப் பத்து வருடமாக இந்தத் தொற்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

2

முரளி காஞ்சிபுரத்தில் பாவு பிணைக்கிறவன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று முடியும்போது, அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று தப்பினாலும் சேலையில் கோடு விழும். இன்று ஒரு வீடு, நாளை வேறு வீடு. எந்த வீட்டுத் தறியில் உட்காருகிறானோ அந்த வீட்டு டம்ளரில் டீ, அந்த வீட்டுத் தட்டில் டிபன். விஷயம் வெளியே தெரிந்தால் எவரும் தறிப்பக்கம் சேர்க்க மாட்டார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் மாத்திரையைக்கூட உள்ளூரில் வாங்காமல், பஸ் ஏறி வேறு ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். கல்யாணப் பேச்சை ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுத் தள்ளிக்கொண்டே வருகிறான்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"க்கா, நீ படிக்கிறது அந்தக் கிருமிதானே?"

"எந்தக் கிருமி?"

"அம்மாகிட்ட காய்ச்சல் கிருமின்னு சொல்லிக்கினு இருக்கியே, அது. உன் பேரப் போட்டு நெட்ல பார்த்தேன். எல்லாம் போட்டுருக்குது."

"ஆமாடா. அதுக்கு இன்னா இப்போ?"

"எனக்கு இருக்குதாம்க்கா."

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நான் உடனே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். அழ வேண்டிய நேரத்தில் பாடம் நடத்துவது என்னுடைய கெட்ட பழக்கம். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் சாதாரண ஆயுசு இருக்கலாம் என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் ஆராய்ச்சியையும் சொல்லத் தொடங்கினேன்.

நம் செல்லுக்குள் சில புரதங்கள் காவலுக்கு இருக்கின்றன. ரெட்ரோவைரஸ் வகைக் கிருமி, தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சொருகிவிடும். ஒருமுறை சொருகிவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் காவல் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நிற்கிறது. ஒரு புரதம், உள்ளே வந்த கிருமியின் கூட்டை அடையாளம் கண்டு அதைச் சுற்றி வலை பின்னும். இன்னொன்று, டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருளைச் செல்லுக்குள் தீர்த்துவிடும். மூன்றாவது, புதுக் கிருமிக்குள் கூடவே ஏறிப் போய், அது அடுத்த செல்லில் எழுதத் தொடங்கும்போது எழுத்துகளை மாற்றிக் கெடுத்துவிடும். இவற்றையெல்லாம் தாண்டிக் கிருமி வெளியே கிளம்பினால், செல்லின் வாசலிலேயே அதைக் கட்டிப்போட நான்காவது ஒன்று இருக்கிறது.

"இவ்ளோ பேர் காவலுக்கு இருந்துமா எனக்கு வந்துச்சு?" என்றான் முரளி.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் எனக்கு வேலை. கிருமியும் சும்மா இருப்பதில்லை. எழுத்தைக் கெடுக்கும் புரதம் வெறும் கழிவு என்று செல்லையே நம்பவைத்து, செல்லின் கையாலேயே அதைக் குப்பையில் போடவைக்கும் ஒரு தந்திரம் அதனிடம் இருக்கிறது. வாசலில் கட்டிப்போடும் புரதத்துக்கும் வேறொரு தந்திரம் வைத்திருக்கிறது. வலை பின்னும் புரதத்தின் கதைதான் எனக்கு வருத்தம் தருவது. சில குரங்குகளிடம் இருக்கும் அதே புரதம், எச்.ஐ.வி.யின் கூட்டைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறது. மனிதருடைய புரதம் பார்த்தும் பாராமல் விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்கூட இல்லை. மனிதப் புரதத்தில் குறிப்பிட்ட ஒரே ஒரு அமினோ அமிலக் கண்ணியை மாற்றினால் அதுவும் பிடிக்கத் தொடங்குகிறது.

"அப்போ கோயில் கொரங்கு நம்மள விட தேவலாம்னு சொல்றே. தேங்கா மூடியப் புடுங்கிக்கினு ஓடுதே, அதுக்குக் காவல் இருக்குது, எனக்கு இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

3

அடுத்த வருடம் என் மகள் தாரிணிக்கு மூன்று வயது. காது குத்த வேண்டும்.

எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் தலையைப் பிடித்துக்கொள்ள, பத்தர் தங்கக் கம்பியை ஏற்றுவார். குழந்தை மாமன் சட்டையைப் பிய்த்துக்கொண்டு அழும். கம்மல் மாமன் சீர். எனக்கு உடன்பிறந்தவன் முரளி ஒருவன்தான். பட்டுப் பாவாடைக்கு அவனே தெரிந்த தறியில் சொல்லி வைத்திருந்தான்.

நான் செய்ததை எழுதுவதற்காகத்தான் இந்தக் குறிப்பையே ஆரம்பித்தேன். சுற்றி வளைத்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கையுறையைக் கழற்றும்போது திடீரென்று அந்தக் காட்சி கண்ணில் வந்தது. கம்பி, ரத்தம், பட்டு இழை அறுத்து அறுத்துக் கீறல் விழுந்த முரளியின் விரல்கள், என் குழந்தையின் காது. மடியில் உட்காருவதால் இது வராது, தலையைப் பிடிப்பதால் வராது. மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் போட்டுக்கொண்டிருப்பவன் அவன். இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். எல்லாம் தெரிந்திருந்தும் பயந்தேன். அன்று மாலையே போன் செய்தேன்.

"முரளி, இங்க சட்டம் மாறிடுச்சுடா. வெளிநாட்டுல காது குத்திக்கினு வந்தா பாலர் பள்ளியில சேர்க்க மாட்டாங்களாம். இங்கயே டாக்டர் வச்சிதான் குத்தணுமாம்."

"அப்படியாக்கா?"

"ஆமாண்டா. ஃபாரமெல்லாம் குடுத்திருக்காங்க."

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. கல்யாணத்துக்கு வராததற்கு விசா, கருமாதிக்கு வராததற்கு லீவு, எதுவும் தோன்றாவிட்டால் சட்டம். ஊரில் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"சரிக்கா. சட்டம்னா சட்டம்தான். கம்மல் வாங்கிட்டேன். இருக்கட்டும், பாப்பா எப்போ வருதோ அப்போ போட்டுக்கட்டும்" என்றான்.

கடைசியில் காது குத்தியது டாக்டர் அல்ல. இங்கே கடைவீதியில் ஒரு பெண், கையடக்க இயந்திரத்தை வைத்து இரண்டு தடவை சட்டென்று அழுத்தினாள். குழந்தை யார் மடியிலும் உட்காரவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒரு காதில் துளை மேலே ஏறிவிட்டது. எதிரியை அடையாளம் காணத் தவறும் புரதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நான், கூடப் பிறந்தவனை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டேன். அதன்பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் முரளி தாரிணிக்குத் தூரத்தில் இருந்தே மிட்டாய் நீட்டினான். நானும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

4

கண்ணாடிச் சில்லு குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். கிருமி செல்லுக்குள் வேரூன்றுமுன் தடுப்பதற்கு இருபத்தெட்டு நாள் விடாமல் போட வேண்டும். உறையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. முரளி போடுவதும் ஏறக்குறைய இதே மருந்துதான். பத்து வருடமாக வேளை தவறாதே என்று அவனை விரட்டிய நான், முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பிறகு டப்பாவைப் புளி ஜாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். எதற்கு ஒளித்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளும் தைரியம் இல்லை.

மறுநாள் காலை முரளியை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவான், பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் மேஸ்திரி மாதிரி வேலையைப் பிரித்துக்கொடுத்தான்.

"வெறும் வயித்துல போடாதே. நாஸ்தா துன்னுட்டுப் போடு. மொதல் வாரம் தலை கிர்ருன்னு சுத்தும், பயந்துக்காதே. கனா கண்டபடி வரும். அலாரம் வச்சிக்கோ. அலாரத்த நிறுத்திட்டு அப்புறம் போட்டுக்கலாம்னு மட்டும் நெனைக்காதே, அப்போதான் மறந்துரும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியாடா?"

"நீ படிச்சவக்கா. நான் துன்னவன்."

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு, அங்கே பத்தரை, யார் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு சாம்பல் கையால் செய்தி அனுப்புவான். "போட்டியா?" நான் "போட்டேன்" என்பேன். பத்து வருடத்தில் நான் அவனை ஒரு நாள்கூட இப்படிக் கேட்டதில்லை. வேளை தவறாதே, ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பு, ரத்தத்தில் கிருமி அளவு எவ்வளவு என்றுதான் விரட்டியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் வெங்காயம் நறுக்கும்போது பழைய காயம் பிரிந்து ரத்தம் வந்தது. தாரிணி ஓடி வந்து என் கையைப் பிடிக்கப் போனாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, என் தோள் உயரம்.

"கிட்ட வராதே!" என்று கத்தினேன். வீடே அதிர்ந்தது.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு இன்னும் தொற்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இருந்தாலும் கையைப் பிடித்தால் வராது. ஆனாலும் கத்தினேன். மறுநாள் புளி ஜாடிக்குப் பின்னால் இருந்த டப்பாவோடு என் முன் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்குப் பயம் கிடைச்சுது" என்றாள். பயம் வந்தது என்பதை ஜெர்மன் வழக்கப்படி அப்படித்தான் சொல்வாள். அவள் தமிழை நான் திருத்திக்கொண்டே இருப்பேன். அன்று திருத்தவில்லை.

சில்லு குத்தியதைச் சொன்னேன். அவள் மாத்திரையோடு வந்த தாளை என்னைவிட வேகமாக ஜெர்மனில் வாசித்தாள். பள்ளியிலும் இதைப் பற்றிப் பாடம் நடந்திருக்கிறதாம்.

"தொட்டா வரும்னு எதிலேயும் எழுதலியே. அப்புறம் ஏன் கத்தினே?"

ஒன்பது வருடத்துக்கு முன் முரளி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இருபத்தெட்டாம் நாள் காலையில் வழக்கம்போல் "போட்டியா?" என்று வந்தது. "கடைசியும் போட்டாச்சு" என்று அனுப்பினேன். சிறிது நேரம் கழித்து, "உனக்கு முடிஞ்சுது. சந்தோஷம்க்கா" என்று வந்தது. அந்த 'உனக்கு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்து உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

5

அந்த வாரக் கடைசியில் போன் செய்தேன். தாரிணியின் ஒரு காதுத் துளை அடைத்துப்போயிருந்தது, இன்னொன்று கோணல். ஆவணியில் ஊருக்கு வரும்போது மறுபடி குத்த வேண்டும் என்றேன்.

"உன் மடியில உக்கார வச்சி" என்றேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். ஒன்பது வருடமாக வாயில் வைத்திருந்த அந்த ஒரு வரி, அப்போதும் வெளியே வரவில்லை. சட்டம் என்று சொன்னது பொய் என்று தெரிந்தால் அவன் என்னை விட்டுவிடுவான் என்ற பயம்.

"பெரிய பொண்ணாச்சேக்கா, அது."

"பரவால்லடா."

"அப்போ ஒண்ணு பண்ணு. பாப்பாகிட்ட என் விஷயத்தச் சொல்லு. மாமாகிட்டயும் சொல்லு. தெரியாம உக்கார வச்சா அது எனக்கு வாணாம். தெரிஞ்சி உக்காந்தா உக்காரட்டும்."

சொன்னேன். என் கணவர், பத்து வருடமாக இதைத் தனியாகவா சுமந்தாய் என்று கேட்டார். தாரிணி முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி. அதுக்கும் காதுக்கும் என்ன சம்மந்தம்?" என்றாள். அப்புறம், "மாமா அதனாலதான் என்னைத் தூக்கவே மாட்டாரா?" என்றாள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

பயணத்துக்கு முன் என் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. தொற்று இல்லை. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதிலும் நெருங்கிய வட்டம் பற்றிய அதே கேள்வி. இந்த முறை "ஆம்" என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் 'தம்பி' என்று எழுதினேன்.

6

ஓரிக்கைப் பக்கம், பாலாற்றை ஒட்டி எங்கள் குலதெய்வத்தின் சின்னக் கோயில் இருக்கிறது. காதுகுத்தை அங்கேதான் வைத்தோம். பொங்கல் வைத்தாகிவிட்டது, பத்தரும் வந்தாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே குறை.

"இம்மாம் பெரிய பொண்ண மடியில வச்சிக்கினு காது குத்துறத நான் எங்கயும் பார்த்ததே இல்லம்மா. மூணு வயசுல குத்த வேண்டியது. உங்க ஊரு சட்டம் பாழாப் போக."

நான் குனிந்து தேங்காய் எடுத்துவைக்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

முரளி வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். ஒன்பது வருடமாக வைத்திருந்த கம்மல் பெட்டி கையில். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை நான்காக மடித்து விரித்தான். நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தான். கட்டைவிரலில் இழை கீறிய இடத்தில் புதுசாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். தாரிணி போய் உட்கார்ந்ததும் அவன் முகமே அவளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் கைகள் மட்டும் அவள் தலைக்கு இரண்டு பக்கமும், தொடாமல், அந்தரத்தில் நின்றன.

"மாமா, தலையக் கெட்டியா புடிபா. ஆடுச்சுன்னா கோணிக்கும்" என்றார் பத்தர்.

முரளி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவன் இரண்டு கையையும் பிடித்து என் மகளின் கன்னத்தில் வைத்தேன்.

"புடிடா" என்றேன்.

கம்பி ஏறியது. தாரிணி "ஆ" என்று துள்ளினாள். ஒரு சொட்டு ரத்தம் காதோரம் இறங்கியது. அதைக் கண்டதும் முரளி கையை வெடுக்கென்று இழுக்கப் போனான். அவள் அவன் கட்டைவிரலைப் பிளாஸ்திரியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, விடாதீங்க. வலிக்குது."

அவன் விடவில்லை. அவள் தலைக்குப் பின்னால் இருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டான்.

"இன்னாக்கா, அந்த ஊர்ல சட்டத்த மாத்திட்டாங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. என் பெயரைப் போட்டு நெட்டில் பார்த்தவன், அப்படி ஒரு சட்டம் உண்டா என்பதையும் அன்றைக்கே பார்த்திருக்கிறான்.

"அப்படி ஒரு சட்டமே இல்லடா. பயத்துல பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

"தெரியும்க்கா" என்றான்.

பத்தர் அடுத்த காதுக்கு வந்தார். முரளி அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.